தீங்கில்லை என்று நான் எழுதிய செடி

மிருகத் தோட்டங்களுக்குக் கூடு வரைகிற பிள்ளைகள் இப்போது எனக்குப் படம் அனுப்புகிறார்கள். போன மாதமும் ஒருத்தி அனுப்பினாள். லெமூர், ஆமை, பறவை மூன்றுக்கும் சேர்த்து ஒரே கூடம். உள்ளே உயிருள்ள செடிகள். வெயில் விழுகிற கோணம்கூடப் போட்டிருந்தாள். "அன்ரி, பிழை ஏதும் இருந்தால் சொல்லுங்கோ" என்று கீழே ஒரு வரி. பெரிய பிழை ஒன்றும் இல்லை, கெட்டிக்காரிதான். ஆனால் செடிகளின் பெயரெல்லாம் இலத்தீனில் இருந்தன. காலையில் வாளியும் தும்புத்தடியுமாக அந்தக் கூடத்துக்குள் போகிற ஆளுக்கு இந்தப் பெயர்கள் விளங்குமா என்று கேட்டு எழுதினேன். "அது ஏன் அன்ரி?" என்று பதில் வந்தது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்த கதையைச் சுருக்கிவிடுகிறேன், அதில் சுவாரசியம் இல்லை. பிறந்தது இணுவில். விவசாயப் பாடசாலையில் இரண்டு வருடம், பிறகு தெற்கே ஒரு மிருகத் தோட்டத்தின் நாற்றுமேடையில் நாலு வருடம். கூட்டுக்குள் வைக்கிற செடியை மிருகம் தின்னும், மிதிக்கும், பிடுங்கும். அதற்குப் பிறகும் செடி அங்கே நிற்கவேண்டும். நாலு வருடமும் கற்றது அவ்வளவுதான். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினேன். சான்றிதழெல்லாம் அங்கேயே எரிந்துபோயிற்று. அப்போது எனக்கு இருபத்தேழு வயது. இந்த வேலைக்கு என்னை விட்டால் ஆள் இல்லை என்ற எண்ணம் மட்டும் எரியாமல் கூடவே வந்தது.

உடுப்பிட்டிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மிருகத் தோட்டம் இருந்தது. கப்பலில் தலைமை எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், இருபது பரப்புக் காணியில் தன் ஆசைக்கு நடத்தியது. ஊரில் எல்லோரும் அவரைச் சீஃப் என்றுதான் சொல்வார்கள். வேலை கேட்டுப் போனபோது அவர் என் படிப்பைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. முற்றத்து வேம்பைக் காட்டினார்.

"இதிலை எத்தினை கொப்பு ஒரு ஆளைத் தாங்கும்?"

"நாலு" என்றேன்.

"பாத்தனீரோ, நினைச்சனீரோ?"

நினைத்துத்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். "அப்ப ஏறிப் பாத்திட்டு வாரும்" என்றார். சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். மூன்று கொப்புத் தாங்கியது. நாலாவது உள்ளே கறையான் அரித்துக் கிடந்தது. என்னையும் கொண்டு முறியப் பார்த்தது. நான் இறங்கி வர அவர் கொப்பியில் என் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.

அவருடைய முறை அதுதான். காலையில் வெள்ளைக் களிசானோடு வந்து ஒவ்வொரு கூட்டுக்கும் முன்னால் நிற்பார். பூட்டை இழுத்துப் பார்ப்பார், தண்ணீருக்குள் விரலை வைத்துப் பார்ப்பார், கொப்பியில் எழுதுவார். குரலை உயர்த்தமாட்டார். நல்லது என்றும் சொல்லமாட்டார். "ம்" என்றால் திருப்தி. அந்த ஒரு எழுத்துக்காக நான் மாதக் கணக்கில் நாய்படாப் பாடு பட்டிருக்கிறேன்.

எண்பத்தைந்தில் மலைநாட்டிலே ஒரு தோட்டத் துரை தன் வளர்ப்பு மிருகங்களைக் கைவிட்டுவிட்டு ஊருக்குப் போனார். அவற்றில் நாலு வரிவால் லெமூர்களைச் சீஃப் கொண்டுவந்தார். சாம்பல் உடம்பு, நரி முகம், கறுப்பும் வெள்ளையுமாக வளையம் போட்ட நீள வால். சனம் பார்த்துவிட்டு "வால் முளைச்ச தேவாங்கு" என்று சிரித்தது. சீஃப் என்னைக் கூப்பிட்டார். "இதுகளுக்குக் கம்பிக்கூடு வேண்டாம். காடு வேணும். காட்டுக்கோழியும் நட்சத்திர ஆமையும் அதுக்குள்ளையே நிக்கவேணும். செய்வீரோ?"

"செய்வன்" என்றேன். செய்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அந்தக் காலத்தில் அப்படி ஒரு கூடம் இந்தத் தீவில் வேறெங்கும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

லெமூர் நீந்தாது. அதனால் சுற்றிவர மதில் வேண்டாம், கிணற்றுத் தண்ணீர் ஓடுகிற அகலமான வாய்க்கால் போதும். காலையில் அது கையை விரித்து வயிற்றை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு உட்காரும்; அதற்குக் கிழக்குப் பார்த்து நாலு சுண்ணாம்புக் கல். சாப்பாடு மூன்று உயரத்தில். மேலே பலகையில் லெமூருக்கு, நிலத்தில் கோழிக்கு, ஒரு சாண் உயரமுள்ள கல் பொந்துக்குள் ஆமைக்கு. ஆமை நுழையும், மற்றவை நுழையா. செடியை நான் மூன்றாகப் பிரித்தேன்: தின்ன ஒன்று, ஒளிய ஒன்று, முறிக்க ஒன்று. முறிக்கிறதற்கென்றே செடி வைக்கவேண்டும் என்பது பலருக்கு விளங்காது. மிருகத்துக்குக் கை சும்மா இருக்காது. முறிக்க ஒன்று கொடுக்காவிட்டால் ஒளிகிறதை முறிக்கும். பூவரசையும் செம்பரத்தையையும் தொட்டியில் வளர்த்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை மாற்றி மாற்றி உள்ளே இறக்கினேன்.

கூடத்துக்குள் தினமும் போய்வருகிற ஆள் நடேசு அண்ணை. ஐம்பது வயது, புகையிலைத் தோட்டக்காரர், மிருகத் தோட்டத்துக்கு இரண்டு வீடு தள்ளித்தான் குடியிருப்பு. காலையில் வத்தாளங்கிழங்கை, சர்க்கரைவள்ளியைத்தான் அப்படிச் சொல்வோம், அவித்துத் துண்டுபோட்டு லெமூருக்கு வைப்பார். சீஃப் அவற்றுக்கு நம்பர் போட்டிருந்தார். நடேசு அண்ணை பெயர் வைத்திருந்தார். தாய்க்கு ராசாத்தி. அவளுடைய கடைசிக் குட்டிக்குச் சின்னவன். சின்னவன் அவருடைய தோளிலேயே சவாரி செய்வான்.

இன்னொருவர் பண்டிதர். சீஃபின் மனைவியின் தமையன், ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்க வந்தால் விளக்கம் சொல்வதும், பலகை எழுதுவதும் அவர் பொறுப்பு. லெமூர் என்ற சொல்லைக் கேட்ட நாளே மனிசனுக்குத் தூக்கம் போய்விட்டது. லெமூர் என்றால் லெமூரியா. லெமூரியா என்றால் கடல்கொண்ட குமரிக் கண்டம். ஆகவே இது எங்கள் மூதாதையர் காட்டு விலங்கு. "பிள்ளையள், இது அந்நிய மிருகம் இல்லை, எங்கடை சொந்தக்காரன்!" என்று அவர் சொல்ல, பிள்ளைகள் வாலைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் யார் அதன் சொந்தக்காரன் என்று சண்டைபிடிப்பார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் யோசித்திருக்கவேண்டும்.

கூடம் திறக்க இரண்டு மாதம் இருக்கப் பண்டிதர் ஒரு பட்டியல் கொண்டுவந்தார். பழந்தமிழ்ப் பாட்டுகளில் வருகிற பூ பதினொன்று. "உம்முடைய பூவரசும் செம்பரத்தையும் கிடக்கட்டும். அதுக்கு அதின்ரை நாட்டுப் பூவும் வேணும்" என்றார். சீஃப் மறுக்கவில்லை. ஆனால் எந்தச் செடி உள்ளே போவதென்றாலும் அவர் அச்சடித்த தாளை நான் நிரப்பவேண்டும். பெயர், தின்றால் என்ன, முள் உண்டா, பால் வடியுமா, கடைசியில் என் கையெழுத்து. பண்டிதர் பக்கத்தில் நின்று பட்டியலை வாசிக்க நான் நிரப்பிக்கொண்டு போனேன். முல்லை, வெட்சி, தாழை, பிச்சி. எல்லாம் தெரிந்தவை. ஒன்பதாவதாகத் "தோன்றி" என்றார்.

என் பேனா நின்றது. அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "தோன்றி தெரியும்தானே? விவசாயப் பாடசாலையிலை தமிழ் படிப்பிச்சவையோ?"

"ஓம் ஐயா, தெரியும்" என்றேன்.

தெரியாது. கேள்விப்பட்டதே இல்லை. ஏதோ பூங்கொடியாக இருக்கும், பாட்டில் வருகிற பூ யாரைக் கடிக்கப்போகிறது என்று நினைத்தேன். "பூங்கொடி. தீங்கில்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். செடிகளைக் கொண்டுவந்து நடுவித்ததெல்லாம் பண்டிதர். நான் வாய்க்காலில் தண்ணீர் கசிகிற இடத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

கூடம் ஆவணியில் திறந்தது. சீஃப் கல்லில் வெயில் காய்கிற நாலு லெமூரையும், அவற்றின் கீழே மண்ணைச் சீய்க்கிற கோழியையும் நெடுநேரம் பார்த்தார். "ம்" என்றார். அன்றைக்கு நான் நிலத்தில் நடக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்து மூன்றாம் நாள் காலையில் நடேசு அண்ணை ஓடிவந்தார். "தங்கச்சி, கெதியா வாங்கோ. ரண்டும் சத்தி எடுக்குது." ராசாத்தியும் சின்னவனும் பலகைக்குக் கீழே சுருண்டு கிடந்தார்கள். வாந்தி, வயிற்றோட்டம், பிறகு இரத்தம். உப்பும் சீனியும் கலந்த தண்ணீரைப் பஞ்சில் நனைத்து நனைத்து வாயில் விட்டோம். சின்னவன் இரண்டாம் நாள் மத்தியானம் நடேசு அண்ணையின் மடியில் செத்துப்போனான். அவர் எழும்பவே இல்லை. ராசாத்தி மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

சீஃப் வாந்தியைத் தடியால் கிளறினார். கிழங்குத் துண்டுகள் தெரிந்தன. "வத்தாளங்கிழங்கு ஆர் வைக்கிறது?" என்று கேட்டார். கேட்கத் தேவையில்லாத கேள்வி. மழை ஈரத்தில் பழுதான கிழங்கு நஞ்சு என்று எல்லோருக்கும் தெரியும்.

"நான் பழுது பாத்துத்தான் அவிக்கிறனான் ஐயா" என்றார் நடேசு அண்ணை. முகத்தை நிலத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த நிற்பே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது. சீஃப் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நானும் அவர் பக்கம் ஒரு சொல் சொல்லவில்லை. அவர்தான் கவனமில்லாமல் செய்துபோட்டார் என்று மனதார நம்பினேன். கோபம்கூட வந்தது.

மிருக வைத்தியர் காங்கேசன்துறைப் பக்கமிருந்து வரவேண்டும். சண்டைக் காலம், பாதை திறந்த நாளில் மட்டும் மோட்டார்சைக்கிளில் வந்து போவார். முதல் முறை மருந்து கொடுத்துவிட்டுப் போனார். பத்து நாளைக்குப் பிறகு மறுபடி வந்தபோது ராசாத்தி எழும்பி உட்கார்ந்திருந்தாள். ஆனால் முதுகிலும் வாலிலும் மயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டிக்கொண்டிருந்தது. வைத்தியர் ஒரு கொத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தார்.

"இது பழுதான கிழங்கு செய்த வேலை இல்லை. அதைத் திண்டால் மூச்சுத்தான் முட்டும். கார்த்திகைக் கிழங்கைத் திண்டு தப்பிற மாட்டுக்குத்தான் மயிர் இப்பிடிக் கொட்டிறதை நான் கண்டிருக்கிறன். கூடத்துக்குள்ளை எங்கையாவது நிக்குதோ?"

கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கு நஞ்சு என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். எனக்குச் சுள்ளென்று ஏறியது. "என்ரை கூடத்துக்குள்ளையோ? ஒருநாளும் இல்லை!"

சீஃப் திரும்பினார். "பாத்தனீரோ, நினைச்சனீரோ?"

வாய்க்காலைத் தாண்டி உள்ளே போனேன். ஒவ்வொரு புதராக விலக்கினேன். வெட்சிக்குப் பின்னால், மழையில் இளகிய மண்ணைக் காட்டுக்கோழிகள் பள்ளமாகச் சீய்த்து வைத்திருந்தன. பள்ளத்துக்குள் கலப்பை வளைவில் ஒரு கிழங்கு. பல்லுக் குறி பதிந்திருந்தது. பக்கத்திலே விரல் நீள முளை ஒன்று, நுனி இலை சுருண்டு. கோழி கிண்டிக் கொடுக்க, ஒவ்வொரு நாளும் கிழங்கு தின்று பழகின லெமூர் எடுத்துக் கடித்திருக்கிறது. ஒன்று மற்றதுக்கு உதவும் என்று நினைத்துத்தானே நான் மூன்றையும் ஒரே கூடத்தில் விட்டேன்!

கிழங்கோடு பண்டிதரிடம் போனேன். "ஐயா, தோன்றி எண்டால் என்ன?"

"காந்தள் பிள்ளை. செங்காந்தள். அண்டைக்குத் தெரியும் எண்டனீர்?"

"இது கார்த்திகைப்பூ ஐயா!"

"ஓம், ஊர்ச்சனம் அப்பிடித்தான் சொல்லுறது."

"நஞ்செண்டு தெரியாதோ?"

"எங்களுக்கு நஞ்சு. அதுக்கு அது தன்ரை நாட்டுச் செடியெல்லே. எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது எண்டு அதுக்குத் தெரியாதோ?" மனிசன் உண்மையாகவே நம்பித்தான் சொன்னார்.

"அது மலைநாட்டிலை கூட்டுக்குள்ளை பிறந்தது ஐயா! துரையின்ரை பிஸ்கற் திண்டு வளந்தது! அதுக்குக் குமரிக் கண்டம் என்னத்துக்குத் தெரியப்போகுது?" என்று கத்தினேன். இன்னும் கத்தியிருப்பேன். "நீர்தானே பிள்ளை தீங்கில்லை எண்டு எழுதினனீர்" என்று அவர் மெல்லச் சொன்னார்.

பின்னேரம் முழுவதும் நாற்றுமேடையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், தப்ப வழி தேடினேன். அந்தத் தாளைச் சீஃப் மறுபடி பார்க்கப்போவதில்லை. பண்டிதர் தலையில் கட்டிவிடலாம், அவர் வீட்டு மனிசன், அவரை யாரும் அனுப்பிவிட முடியாது. அல்லது நடேசு அண்ணையின் வத்தாளங்கிழங்கென்றே விட்டுவிடலாம். அவர் பேர் கெட்டு வீட்டில் இருக்கிறார், நான் பேரோடு இருக்கிறேன். அவ்வளவு இலகு. அது எவ்வளவு இலகு என்று கண்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

தாளை எடுத்துக்கொண்டு போய்ச் சீஃபின் மேசையில் வைத்தேன். "அந்தச் சொல் எனக்குத் தெரியாது. தெரியும் எண்டு சொன்னனான்."

அவர் தாளை வாசித்தார். மறுபடி வாசித்தார். "தெரியாது எண்டு சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்?" என்று கேட்டார். நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவும் இல்லை, ஏசவும் இல்லை. "நடேசுவை அனுப்பினது நான். என்ரை பிழைக்கு நான் நாளைக்கு அவனைக் கண்டு கதைக்கிறன். உம்முடைய பிழைக்கு இப்ப நீர் போம்" என்றார்.

நடேசு அண்ணை புகையிலைக் கன்றுக்குப் பனையோலைப் பட்டையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பட்டையைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி."

"என்ன தெரியும்?"

"அதைத் தாட்டது நான்தானே. பண்டிதர் ஐயா கிழங்கைக் கையிலை தந்தவுடனை கண்டிட்டன். 'ஐயா, உது கூடாதெல்லே' எண்டன். அவர் கடதாசியைக் காட்டினார். 'மிஸ் கையெழுத்து வச்சிருக்கிறா' எண்டார். பேந்து நான் என்னத்தைச் சொல்ல? படிச்சனீங்கள், ஏதோ யோசிச்சுத்தான் செய்யிறியள் எண்டு நினைச்சன். ஒரு சாண் கிண்டி ஆழத் தாட்டனான். கோழியை நான் நினைக்கேல்லை."

"என்னட்டை ஒரு சொல் கேட்டிருக்கலாமே அண்ணை?"

அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "முந்தி ஒருக்கால் பூவரசிலை மயிர்க்கொட்டிப் புழு வரும், வேண்டாம் எண்டனான். 'அண்ணை, நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ' எண்டனீங்கள். அதுக்குப் பிறகு நான் என்ரை வேலையை மட்டும்தான் பாத்தனான்."

அப்படிச் சொன்னது எனக்கு நினைவே இல்லை. அவர் சும்மா சொல்கிற மனிசனும் இல்லை. அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சின்னவனை அவர் மடியில் வைத்துக்கொண்டு இருந்த இருப்புத்தான் கண்ணுக்குள் நின்றது. தன்னைத்தான் குற்றவாளி என்று நினைத்து அவர் அன்றைக்கு முகத்தை நிலத்தில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவரை அப்படி நிற்க வைத்தது நான்.

மறுநாள் சீஃபும் போய்க் கதைத்தார். நடேசு அண்ணை வேலைக்குத் திரும்பினார். கிழங்கையும் முளையையும் தோண்டி எரித்தோம். பண்டிதர் தன் பட்டியலைத் தானே கிழித்துப்போட்டார்; பிள்ளைகளுக்குச் சொந்தக்காரன் கதையை மட்டும் விடவில்லை. ராசாத்திக்குத் தை பிறக்க மயிர் முளைத்தது. நான் சீஃபின் தாளைத் தூக்கி வைத்துவிட்டு வேறு முறை கொண்டுவந்தேன். உள்ளே போகிற செடியை முதலில் நடேசு அண்ணையின் கையில் கொடுப்பது. உங்கள் வாயில் இதற்கு என்ன பேர், இதைத் தின்ற ஆடு மாடு என்ன பட்டது என்று கேட்பது. அவர் சொன்ன பேரைத்தான் பலகையிலும் எழுதுவது. அதன் பிறகு எத்தனையோ கூடம் செய்தேன், எந்த ஊரில் செய்தாலும் வாளி தூக்குகிற ஆளைத்தான் முதலில் கூப்பிடுவேன்.

ஆனால் முறை வைத்தவுடன் ஆள் மாறிவிடுவாரா? மாதக் கணக்கில் அவர் எதைக் கொடுத்தாலும் பார்த்துவிட்டு "நல்லது தங்கச்சி, வையுங்கோ" என்றுதான் சொன்னார். அவர் வாயிலிருந்து ஒரு 'வேண்டாம்' வர நான் காத்திருந்தேன். பங்குனியில் ஒருநாள் ஓர் இத்தி மரக்கன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். இத்தியில் லெமூருக்கு ஒரு தீங்கும் இல்லை. கொழுந்தை விரும்பித் தின்னும், எனக்கு நூறு வீதம் தெரியும், ராசாத்தி தின்றதைக் கண்ணாலும் பார்த்திருக்கிறேன். நடேசு அண்ணை ஓர் இலையைக் கிள்ளினார். காம்பில் வெள்ளையாகப் பால் துளிர்த்தது. அதைப் பெருவிரலில் தேய்த்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் முகத்தை நேரே பார்த்தார்.

"பால் வடியுது. இது வேண்டாம் தங்கச்சி."

விளக்கம் சொல்ல என் வாய் தானாகவே திறந்தது. மூடிக்கொண்டேன். "சரி அண்ணை" என்று கன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.